வண்டிக்கு மூக்கு வைத்தவர்

பொலிவியாவில், மலைமேல் இருக்கிற எங்கள் எல் ஆல்தோவில் யாரைப் பிடித்து நிக்கானோர் தார்க்கி வீடு எது என்று கேட்டாலும், "அந்த டூபா வண்டிக்காரரா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். டூபாவுக்கு முன்னாலும் அந்த மனிதருக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைச் சகித்துக்கொண்டு கூடவே இருந்தவள் நான். என் பெயர் செனோபியா. சேஹா முனையில் ஊதாச் சோளக் கஞ்சி விற்கிறேன். அவரைக் கட்டிக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கட்டிக்கொள்வதற்கு முன்னால் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எங்கள் ஊரில் ஜூன்தான் குளிர்காலம்; கல்யாணமான முதல் ஜூன் மாதம் உறைபனி விழுந்தது. காலையில் வண்டி கிளம்பாது, பேட்டரி குளிரில் செத்துப்போகும் என்று அவர் ராத்திரி அதைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்தார். முதலில் அடுப்பங்கரையில் வைத்தார். அடுப்பு அணைந்ததும் பேட்டரி பாவம் என்று போர்வையில் சுற்றிப் படுக்கைக்குக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அது படுத்திருந்தது. வயிற்றில் இன்னும் ஒன்றும் தங்கவில்லையா என்று என் அத்தை கேட்டபோது, நான் அவளைக் கூட்டிப்போய் பேட்டரியைக் காட்டினேன்.

வண்டி ஜப்பானிலிருந்து பழசாக வந்த வேகன். அங்கே ஸ்டியரிங் வலது பக்கம். இங்கே பட்டறையில் அறுத்து இடது பக்கம் வைத்துக் கொடுப்பார்கள். பழைய ஸ்டியரிங் இருந்த ஓட்டையின் மேல் இவர் மாதா படத்தை ஒட்டினார். வேகம் காட்டும் முள் மட்டும் இடம் மாற மறுத்து வலது பக்கமே தங்கிவிட்டது. அதனால் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பதைப் பக்கத்து சீட்டுப் பயணியிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சில பேர் பயத்தில் குறைத்துச் சொல்வார்கள்.

அந்த வண்டி ஓடிய தடம்தான் எங்கள் சோறு. கீழே லா பாஸில் கல்லறைத் தோட்டத்து வாசலிலிருந்து மேலே சேஹா வரை ஒரே ஏற்றம். அந்தத் தடத்தில் ஒரு இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அது என் அப்பா கிரிசாந்தோவின் இடம். டிரைவர்கள் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அவர் அந்த வரிசையில் நின்றவர். கண் மங்கிப் போனதும் மருமகன் கையைப் பிடித்துச் சங்கத்து ஆட்கள் முன்னால், "இனிமே என் இடத்துல இவன் நிப்பான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தும்விட்டார்.

அப்பா போன பிறகு வண்டிக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் லேசாக இழுத்தது. பிறகு ஏற்றத்தின் பெரிய வளைவு வந்ததும் நின்று யோசிக்கும். வழக்கமாக வரும் சனங்கள் நல்ல சனங்கள். வளைவு வந்ததும் தாங்களே கதவைத் திறந்து இறங்கி நடந்து, மேலே போய் வண்டிக்காகக் காத்திருப்பார்கள். ஒரு நாள் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கிய கிழவி ஒருத்தி வண்டியைத் தாண்டிப் போகும்போது ஜன்னலில் குனிந்து, "தம்பி, சேஹாவுல யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாளாம். இதை அவர் வீட்டில் வந்து சொல்லிவிட்டு, சூப் குடிக்காமல் படுத்துவிட்டார்.

விஷயம் சங்கத்துக்குப் போனது. செயலாளர் தோன் இலாரியோன் எங்கள் முனைக்கே வந்து, என் கஞ்சியை வாங்கிக் குடித்துக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார்.

"நிக்கானோர், ஏற்றத் தடத்துல ஓடுற வண்டியில இருந்து சனம் இறங்கி நடந்தா அது வண்டியே இல்ல, ஊர்வலம். வர்ற சனிக்கிழமை நானே முன்னாடி உக்காந்து வரேன். வண்டி நிறைய ஆள் ஏத்து. நடுவுல ஒருத்தர் இறங்கினாலும் உன்ன அந்தக் கடைசிப் பொட்டல் தடத்துக்கு மாத்திடுவோம். கிரிசாந்தோ இடத்துக்கு வேற ஆள் காத்துக்கிட்டு இருக்கான்."

பொட்டல் தடத்தில் ஏற்றமும் கிடையாது, ஆளும் கிடையாது. புழுதியும் நாயும்தான். அதைவிட, அப்பாவின் இடம் போய்விடும். தோன் இலாரியோன் கேட்ட அடுத்த கோப்பைக் கஞ்சியில் நான் பட்டை போடவில்லை.

அன்று சாயங்காலம் நிக்கானோர் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உள்ளே குனிந்து பார்த்தார். பிறகு எஞ்சின் மேல் இருந்த ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றி, கம்பியால் இறுக்கக் கட்டி, மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்தார். இறங்கி வந்தவர் முகத்தில் பேட்டரியைப் படுக்கைக்குக் கொண்டுவந்த அன்றைய களை இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

"எஞ்சின் சூடான காத்தைக் குடிக்குது" என்றார். "சூடான காத்து மெலிசு. குளிர்ந்த காத்து கெட்டி. வெளியில இருந்து குளிர்ந்த காத்தை நேரா உள்ள விட்டா ஏறிடும்."

"யோவ், இந்த ஊர்ல குளிர்ந்த காத்துக்கா பஞ்சம்? மனுசனுக்கே மூச்சு முட்டுற உயரம் இது. இதுல காருக்கு வேற பங்கு வைக்கணுமா?"

"அதான் சொல்றேன். கொஞ்சம்தான் இருக்கு. அதையாவது குளிர்ச்சியா குடுப்போம்."

மறுநாள் சாமான் வாங்கக் கிளம்பிவிட்டார்.

கழிவுநீருக்குப் போடும் பிவிசி பைப் ஒன்று, இரண்டு எல்போ, ரேடியேட்டர் ஹோஸ் துண்டு, கிளாம்ப்புகள் எல்லாம் வந்து சேர்ந்தன. வடிகட்ட ஏதாவது வேண்டும் என்று என் பழைய உள்பாவாடையைக் கேட்டார். பழையது என்று அவர் எடுத்தது பழையது இல்லை. அதை வெட்டி, மடித்து, பைப்புக்கு நடுவில் வைத்துக் கட்டினார். மீதி இருந்தது வாய். காற்றை அள்ளுகிற மாதிரி அகலமான வாய் வேண்டும். கீழே பம்பர் பக்கம் வைத்தால் மழைக்காலத்தில் தெருத் தண்ணீரை எஞ்சின் உறிஞ்சிவிடும், அதனால் மேலே வரவேண்டும். மேலே வருகிற வாய்க்கு ஒரு கௌரவம் வேண்டும். இவை எல்லாம் அவர் சொன்ன நியாயங்கள்.

அப்போதுதான் என் தம்பி பிளாசிதோ ஞாபகத்துக்கு வந்தான். அவன் பித்தளை பேண்டில் டூபா வாசிப்பவன். டூபா தெரியுமில்லையா, ஊதுகிறவனையே பாம்பு மாதிரி சுற்றிக்கொண்டு, தலைக்கு மேலே அண்டா வாயைத் திறந்து நிற்குமே, அதுதான். போன திருவிழாவில் இவன் குடித்துவிட்டு டூபாவைத் தெருவில் படுக்க வைத்துத் தானும் பக்கத்தில் படுத்தான். பஸ் வந்தது. டிரைவரால் இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. டூபாவின் வயிறு நசுங்கினாலும் வாய் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் மிஞ்சியது.

"எடுத்துக்கோ மச்சான்" என்றான் பிளாசிதோ. "ஆனா ஒண்ணு. இந்தக் குழாய்க்கு நான்தான் ஞானத்தகப்பன்."

எங்கள் பக்கம் எதற்கும், முன்னால் நின்று ஆசீர்வதித்துச் செலவும் செய்கிற ஞானத்தகப்பன் ஒருவர் உண்டு. குழந்தைக்கு, கேக்குக்கு, கல்யாணப் பீருக்கு, புதுக் கூரைக்கு. குழாய்க்கு மட்டும் ஏன் கூடாது என்று நிக்கானோரும் சம்மதித்துவிட்டார்.

பானட்டின் வலது பக்கத்தில் ஓட்டை போட்டு டூபா வாயை நிறுத்தினார்கள். முன்பக்கம் பார்த்துக்கொண்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில், கிராமபோன் குழாய் மாதிரி இருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் உள்ளே இழுக்கிற காற்றில் பித்தளை அதிர்ந்து, கன்றைத் தொலைத்த மாட்டின் குரலில் ஒரு முக்கல் வந்தது. தெருவில் இருந்த நாய்கள் எல்லாம் உட்கார்ந்துவிட்டன. எதிர்வீட்டுக்காரி வெளியே வந்து எந்தச் சாமி ஊர்வலம் என்று கேட்டாள். நிக்கானோர் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சுதி கொஞ்சம் இறங்குது" என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் அவரும் பிளாசிதோவும் வண்டியோடு கீழே கல்லறை வாசலுக்குப் போய்விட்டார்கள். நான் துணி உலர்த்த மாடிக்குப் போனேன். அந்த ஏர் ஃபில்டர் டப்பா அங்கே கிடந்தது. கோழி முட்டையிட நல்ல அளவு. இனிமேல் இது எதற்கு என்று கம்பியை முறுக்கி அவிழ்த்து மூடியைத் திறந்தேன்.

உள்ளே காகிதத்துகள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். காய்ந்த பூவிதழ். சுருட்டை சுருட்டையாகக் காகித நாடா. எல்லாம் பீரில் ஊறிக் காய்ந்து, ஃபில்டர் தாள் மேல் அட்டையாகப் படிந்திருந்தது. ஊசி நுழைய இடமில்லை.

ஒவ்வொரு வருஷமும் கார்னிவல் செவ்வாய்க்கிழமை வீடு, கடை, வண்டி எல்லாவற்றுக்கும் நாங்கள் சல்யா செய்வோம். மண்ணாத்தா பச்சமாமாவுக்குப் பீர் ஊற்றி, பூவும் வண்ணத்துகளும் தூவி, வெடி வெடித்து வருஷத்தைத் தொடங்கி வைப்போம். வண்டி வந்த முதல் வருஷம் என் அப்பா, "வெளியில மட்டும் போட்டா போதுமா, இது மூச்சு விடுற இடத்துலயும் போடணும்" என்று இந்த டப்பா மூடியைத் தூக்கி ஒரு கை அள்ளிப் போட்டார். அதையே வேதமாக எடுத்துக்கொண்டு வருஷா வருஷம் இவரும் போட்டிருக்கிறார். வண்டிக்கு வியாதியே இல்லை. இத்தனை வருஷத்து ஆசீர்வாதம் தொண்டையை அடைத்திருக்கிறது. ஒரு தட்டுத் தட்டிக் கொட்டியிருந்தால் முடிந்தது. அதற்கு என் உள்பாவாடை, கழிவுநீர்க் குழாய், டூபா.

கோபம் பாதி ஏறும்போதே இன்னொன்று உறைத்தது. புதுக் குழாய்க்கு ஞானத்தகப்பன் இருக்கிறான். ஞானத்தகப்பன் என்றால் சல்யா செய்யாமல் வண்டியை நகர விடமாட்டான். எங்கே தூவுவான்? அண்டா மாதிரி திறந்திருக்கும் அந்த வாய்க்குள்தான். தூவிவிட்டு உடனே ஏற்றத்தில் ஏறினால் அப்பாவின் இடம் அந்த வளைவிலேயே போய்விடும்.

டப்பாவை மூடி வைத்துவிட்டு ஓடினேன். சனத்தை இழுத்துக்கொண்டு எங்கள் பிழைப்பில் பாதியைத் தின்ற, அந்தரத்தில் கம்பியில் தொங்கிப் போகிற கம்பிவண்டியில்தான் ஏறினேன், வேறு வழியில்லை. அது வீடுகளுக்கு மேலே ஆடாமல் அசையாமல் இறங்கியது. பக்கத்தில் இருந்தவர், "எவ்வளவு சுகமா போகுது பாத்தீங்களா" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கல்லறை வாசலில் சங்கத்து டிரைவர்கள் கூடியிருந்தார்கள். வண்டி முழுக்க மாலையும் நாடாவும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, டூபா மெல்ல முனகிக்கொண்டிருந்தது. பிளாசிதோ ஒரு கையில் பீரும் மறு கையில் பை நிறைய வண்ணத்துகளுமாக ஏதோ நீளமாக வேண்டிக்கொண்டிருந்தான். நிக்கானோர் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அவ்வளவு வெளிறி நான் அவரைப் பார்த்ததில்லை.

"டேய், நிறுத்துடா" என்றேன். "அந்த வாய்க்குள்ள போடாத."

பிளாசிதோ திகைத்துப் போனான். "அக்கா, சல்யாவ நிறுத்தச் சொல்றியா? இத்தன பேர் முன்னாடி? மண்ணாத்தா காதுல விழுந்தா என்ன ஆகும்?"

டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். விளக்கம் சொல்ல நேரமில்லை. அவன் கை உயர்ந்துவிட்டது. என் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி டூபா வாய்க்குள் கவிழ்த்து அழுத்தினேன். எங்கள் பெண்கள் போடுகிற உருண்டைத் தொப்பிதான். கல்யாணத்துக்குப் போட்டது. அளவெடுத்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. வண்ணத்துகள் எல்லாம் தொப்பி மேல் கொட்டின. பீரும் கொட்டியது. நிக்கானோர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அது திட்டுகிற பார்வை இல்லை.

வெடி வெடித்து முடிப்பதற்குள் தோன் இலாரியோன் கைக்கடிகாரத்தைத் தட்டி எல்லாரையும் உள்ளே தள்ள ஆரம்பித்தார். தொப்பியை எடுக்கப் போனேன். பூவும் நாடாவும் மூடிக் கிடந்ததால் அதை அவர் வேறு என்னவோ என்று நினைத்துவிட்டார். "ஜோடனைய கலைக்காதீங்க தோன்யா செனோபியா, அபசகுனம்" என்று என்னையும் பின்சீட்டில் அடைத்துக் கதவைச் சாத்தினார். தான் முன்னால் ஏறிக்கொண்டார். வண்டி கிளம்பிவிட்டது.

தட்டையான தெருவில் பிரச்சினை இல்லை. ஓரத்தில் கசிந்த காற்றே அதற்குப் போதும். ஏற்றம் தொடங்கியதும் எஞ்சின் பலமாக இழுத்தது. இழுக்க இழுக்கத் தொப்பி உள்ளே இறுகியது. டூபாவின் முக்கல் கீச்சுக்குரலாகி, பிறகு விக்கலாகி, பெரிய வளைவில் நின்று போகிற மாதிரி ஆனது.

வழக்கமான சனங்கள்தான் பின்னால் இருந்தார்கள். வளைவைப் பார்த்ததும் ஓரத்தில் இருந்தவர் மரியாதையாகக் கதவில் கை வைத்தார்.

"நாங்க இறங்கிக்கிறோம். பழக்கம்தான்."

அவர் கோட்டைக் கொத்தாகப் பிடித்தேன். "இறங்கின, உன் காலை ஒடிச்சிடுவேன். உக்காரு."

"இல்லம்மா, வண்டி பாவம்..."

"வண்டிக்குப் பாவம் பாக்காத. எனக்குப் பாரு." கூடவே முன்சீட்டைக் குத்தினேன். "தோன் இலாரியோன், ஜன்னல் வழியா கைய விட்டு அந்தத் தொப்பிய எடுங்க."

"எந்தத் தொப்பி?"

"பூவுக்கு அடியில இருக்கு, என் தொப்பி. அதான் மூக்கை அடைக்குது."

"ஓடுற வண்டியில தலைய வெளிய நீட்டக் கூடாதுன்னு சங்கத்துல விதி இருக்கு."

"யார் எழுதின விதி?"

"நான்தான்."

"அப்ப இது ஓடலன்னு வெச்சுக்கோங்க. முள்ளைப் பாருங்க, உங்க முன்னாடிதான் இருக்கு."

அவர் முள்ளைப் பார்த்தார். அது படுத்திருந்தது. மனிதர் பெருமூச்சு விட்டு, டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, இடுப்பு வரை ஜன்னலுக்கு வெளியே போனார். பின்னாலிருந்து ஒருவர் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். தொப்பி வரவில்லை. ஒரு காலை மாதா படத்துக்குப் பக்கத்தில் ஊன்றி இழுத்தார். நிக்கானோர் உதடு அசைய எதையோ ஜெபித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் தன் நெஞ்சோடு இழுத்துக்கொண்டிருந்தார், அதனால் வண்டி ஏறும் என்பது போல. நானும் எனக்குத் தெரியாமலே "அப்பா, அப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொக் என்று தொப்பி வந்தது. டூபா முழுத் தொண்டையில் அலறியது. வண்டி பின்பக்கம் உதைபட்ட கழுதையாகப் பாய்ந்தது. தோன் இலாரியோன் பாதி வெளியிலேயே, கையில் தொப்பியோடு, முகமெல்லாம் வண்ணத்துகளோடு, வளைவைக் கடந்து சேஹா வரைக்கும் வந்தார். சந்தையில் இருந்தவர்கள் யாரோ தேர்தலில் ஜெயித்துவிட்டார் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

சங்கத்துக் கூட்டத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. ஆள் யாரும் இறங்கவில்லை, சரி. தொப்பி? எங்கள் ஊரில் தொப்பி என்பது பாதிப் பெண்பிள்ளை, அது ஏற்றத்தின் நடுவில் வண்டியை விட்டு இறங்கியது இறங்கியதுதான் என்று அந்த இடத்துக்குக் காத்திருந்தவன் வாதாடினான். சாயங்காலம் வரை இதைப் பேசினார்கள். கடைசியில் தோன் இலாரியோனே எழுந்தார்.

"தொப்பி வெளியில இருந்துச்சு. நான் உள்ள எடுத்தேன். அப்ப அது இறங்கல, ஏறியிருக்கு. ஏத்தத்துல புதுசா ஒரு ஆளை ஏத்திக்கிட்டுப் போன வண்டி நம்ம சங்கத்துல இது ஒண்ணுதான்."

அப்பாவின் இடம் எங்களுக்கே நின்றது. அன்றிலிருந்து நிக்கானோர் பெரிய மேதாவி. ஆளாளுக்கு வந்து டூபா வாய் கேட்டார்கள். பிளாசிதோவின் பேண்டில் மற்ற வாத்தியக்காரர்கள் தூங்கும்போதும் வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கத் தொடங்கினார்கள்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்த டப்பாவை மாடியிலிருந்து எடுத்துவந்து மேசையில் வைத்தேன். மூடியைத் திறந்தேன்.

"யோவ் மேதாவி. இதை ஒரு தட்டுத் தட்டியிருந்தா போதும். உனக்கு டூபா ஒரு கேடா?"

அவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கழட்டின அன்னைக்கே பாத்தேன். அடைச்சிருந்துச்சு."

"பாத்துட்டுமா? இடம் போயிருந்தா? தட்டிக் கொட்ட உனக்கென்ன கை வலியா?"

அவர் விரலை டப்பாவுக்குள் விட்டு, மேல் அடுக்கை லேசாகப் பெயர்த்து, அடியில் ஒட்டியிருந்த மஞ்சள் இதழ் ஒன்றைக் காட்டினார்.

"அடியில இருக்கிறது உங்க அப்பா போட்டது" என்றார். "அவர் கையால போட்டது. இதைக் கொட்டுன்னா எங்க கொட்டுறது? குப்பையிலயா? எனக்கு மனசு வரல செனோபியா. அதான் வண்டிக்கு வேற மூக்கு வெச்சேன்."

அப்பா போன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. மேசையில் தலையை வைத்து அழுதேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல், நசுங்கிப் போன என் தொப்பியை எடுத்து உள்ளே கைவிட்டு உப்ப வைத்துக்கொண்டிருந்தார். டூபாவின் வட்டம் அதில் அச்சாகப் பதிந்திருந்தது. அது இன்னும் போகவில்லை. நான் அதையேதான் போடுகிறேன்.

கார்னிவல் செவ்வாய் வந்தது. தடத்தில் நிற்கிற டூபா வண்டிகள் எல்லாவற்றுக்கும் சல்யா நடக்கும்போது, முதலில் வீட்டுப் பெண் தன் தொப்பியைக் கழற்றி அந்த வாயில் கவிழ்க்கிறாள். ஏன் என்று கேட்டால், காலங்காலமாக அப்படித்தான் என்கிறார்கள். பூசை செய்து வைக்க வந்த பெரியவர் இது இன்காக்களுக்கும் முந்தைய வழக்கம் என்று சொன்னார். நான் மறுக்கவில்லை.

எங்கள் வண்டிக்கு வேண்டியதை எல்லாம் செய்து முடித்துவிட்டு, தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். டப்பா இப்போது அலமாரியில், அப்பாவின் படத்துக்குக் கீழே இருக்கிறது. கம்பியை அவிழ்த்து மூடியைத் தூக்கினேன். கையில் மிச்சமிருந்த பூவையும் வண்ணத்துகளையும் அதற்குள் போட்டேன். நிக்கானோர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் வந்து ஒரு கை போட்டார். அது இனிமேல் மூச்சு விட வேண்டியதில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம்.